ஃப்ரிட்ஜ் கதவில் ஓர் ஒடுக்கு

துவார்னனே, 4 நவம்பர் 1979

அன்புள்ள தம்பி ஜில்தாஸுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ எப்படி இருக்கிறாய், ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, ரென் நகரத்துக் குளிருக்கு அந்தப் பழைய கோட்டு தாங்குகிறதா என்று எழுது.

சகல புனிதர் திருநாளுக்கு நீ வந்துவிடுவாய் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். வரமாட்டாய் என்று நான் சொன்னேன். நான்தான் ஜெயித்தேன். அம்மாவின் கல்லறையில் செவ்வந்தித் தொட்டி இரண்டு வைத்தோம், ஒன்று உன் பெயரில். அடுத்த வருஷமாவது உன் தொட்டியை நீயே தூக்கு.

ஜூனில் அப்பா எங்களோடு வந்து தங்கியதிலிருந்து வீட்டில் இடம்தான் கொஞ்சம் நெருக்கடி. ஜன்னலோர நாற்காலி அவருக்கு. போனையும் அவர் பக்கத்திலேயே மாற்றி வைத்துவிட்டோம், மணி அடித்தால் அவர்தான் எடுக்கிறார். அதனால் எனக்கு எழுதுவதுதான் சௌகரியம். கால் வலிக்கிறது என்று கஷ்கொட்டை மரத்தில் தானே ஒரு ஊன்றுகோல் செதுக்கிக்கொண்டார். கப்பல் மெக்கானிக்கின் கை இன்னும் கையாகத்தான் இருக்கிறது.

உன் அத்தான் கொரந்தென் அக்டோபர் இருபதாம் தேதி கடலுக்குப் போனார். அயர்லாந்துப் பக்கம், மூன்று வாரம். நான் வழக்கம் போல மீன் டப்பா ஃபாக்டரியில் மத்தித் தலையைக் கிள்ளிக்கொண்டிருக்கிறேன். வாசனை போகவில்லை என்றால் எலுமிச்சைத் தோலால் தேய் என்று புதிதாக வந்த பெண்கள் எனக்கே சொல்லித் தருகிறார்கள்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஓர் ஒடுக்கு விழுந்துவிட்டது. நான்தான் மோதிக்கொண்டேன், போன செவ்வாய்க்கிழமை. புது ஃப்ரிட்ஜ், அதுதான் வருத்தம். கதவு மூடுகிறது, அதனால் பெரிதுபடுத்தவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கிடார் வாசி.

உன் அக்கா
மரிவோன்


ரென், 20 நவம்பர் 1979

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறேன். கோட்டின் பாக்கெட் கிழிந்துவிட்டது, ஆனால் கோட்டு இருக்கிறது. உங்கள் எல்லோருக்கும் என் முத்தங்கள். அப்பாவுக்கும் ஒன்று, தூரத்திலிருந்து.

உன் கடிதத்தை எங்கள் பாட்டுக் குழுவின் பயிற்சி இடத்தில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். எலுமிச்சைத் தோலுக்கு டிரம்ஸ்காரன் உருண்டு உருண்டு சிரித்தான். பேஸ் கிடார் வாசிக்கிற ஒதீல் சிரிக்கிறவளே இல்லை. அவள்கூட, "உங்க அக்கா பேசற மாதிரியே எழுதறாங்கப்பா. உனக்கு அது ஏன் வரல?" என்று ஒரு குத்து குத்தினாள். ஆகவே நிறைய எழுது. எங்களுக்குப் பொழுது போகிறது.

பெரிய செய்தி இது. பாரிஸிலிருந்து ஒரு சின்ன ரெக்கார்டு கம்பெனிக்காரன் வந்து எங்களைக் கேட்டுவிட்டுப் போனான். பிப்ரவரியில் முழு ரெக்கார்டு, பத்துப் பாட்டு! கே நோர் குழுவின் முதல் ரெக்கார்டு! மெட்டு பத்தும் தயார். வார்த்தை ஒன்றுகூட இல்லை. இப்போதைக்குத் தயிர்ப் பாட்டுதான் பாடுகிறேன். உனக்குத் தெரியாதே. வார்த்தை கிடைக்கும் வரை இங்கிலீஷ் மாதிரி ஒலிக்கிற எதையாவது கொழகொழவென்று வாயில் போட்டு மெட்டை நிரப்பிக்கொள்வோம். இங்கே எல்லாக் குழுவும் இப்படித்தான் செய்யும். அப்புறம் உட்கார்ந்து தயிரை வழித்துவிட்டு வார்த்தையை ஊற்றுவோம். எனக்கு ஊற்ற ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. நம் மொழியில் எழுதினால் பள்ளிக்கூடத்துச் செய்யுள் மாதிரி இருக்கிறது, இங்கிலீஷில் எழுதினால் பொய்யாக இருக்கிறது.

அத்தான் திரும்பி வந்தால் என் வணக்கத்தைச் சொல். ஃப்ரிட்ஜை மாற்றச் சொல்.

அன்புடன்
ஜில்தாஸ்


துவார்னனே, 14 ஜனவரி 1980

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உனக்கும் உன் தயிர்க்கார நண்பர்களுக்கும் புத்தாண்டு வாழ்த்து. சளி இருந்தால் வெண்ணெய் போட்ட சூடான பால் குடி, பீர் அல்ல.

மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு உன் அத்தான் கரையில் இருந்தார். கேக் வெட்டினோம். உள்ளே ஒளித்து வைத்த அவரைக் கொட்டை அப்பாவின் துண்டில் வந்தது, அன்றைக்கு அவர்தான் ராஜா. காகிதக் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை கழற்றவே இல்லை. கொரந்தென் அவருக்குச் சல்யூட் அடித்துக்கொண்டே இருந்தார். எட்டாம் தேதி கொரந்தென் மறுபடி கடலுக்குப் போய்விட்டார். கிரீடம் இன்னும் நாற்காலி முதுகில் தொங்குகிறது.

பத்தாம் தேதி நிலவறைப் படியில் எனக்குக் கால் வழுக்கிவிட்டது. இடது மணிக்கட்டுதான். எலும்பு உடையவில்லை, வீக்கம். அம்மாவின் நீலக் கிண்ணமும் போயிற்று. சூப்பில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது அன்றைக்கு. நான் ஒரு கையால் மீன் கிள்ளுவதைப் பார்த்துப் ஃபாக்டரியில் பக்கத்து மேசை திதீன், "உன் வீட்டுப் படிக்கு உன்மேல என்னடி இவ்வளவு ஆசை?" என்றாள். சிரித்து வைத்தேன்.

வார்த்தை வரவில்லை என்று தலையில் அடித்துக்கொள்ளாதே. வராவிட்டால் சும்மா இரு. சும்மா இருப்பது உனக்குச் சின்ன வயதிலிருந்தே நன்றாக வரும்.

குளிரில் ஜன்னலைத் திறந்து போட்டுத் தூங்காதே.

உன் அக்கா
மரிவோன்


ரென், 2 மார்ச் 1980

அன்புள்ள என் தங்க அக்கா,

நலமா? நான் நலம் என்ற வார்த்தைக்கு அப்பால் எங்கேயோ மிதந்துகொண்டிருக்கிறேன்.

முடிந்துவிட்டது! எப்படி முடிந்தது என்று கேள். ஸ்டூடியோவில் ஆறு நாள். நாலாவது நாள் வரை என்னிடம் வார்த்தை இல்லை. ஒலிப்பதிவுக்காரர் பெர்த்தியே கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "தம்பி, தயிரே பாடு. மத்தவங்க வாசிக்கணும்ல, அவங்களுக்கு ஒரு குரல் வேணும். அப்புறமா அழிச்சுக்கலாம்" என்றார். தயிர்கூட வாயில் வரவில்லை. கோட்டுப் பாக்கெட்டில் உன் கடிதங்கள் இருந்தன. எடுத்து மைக்குக்கு முன்னால் வைத்துக்கொண்டு அப்படியே வாசித்தேன். பாடக்கூட இல்லை, பாதிப் பேச்சு. "ஃப்ரிட்ஜ் கதவில் ஓர் ஒடுக்கு. நான்தான் மோதிக்கொண்டேன். கதவு மூடுகிறது, அதனால் பெரிதுபடுத்தவில்லை." பின்னால் டிரம்ஸ் கடிகாரம் மாதிரி தட்டிக்கொண்டே இருக்கிறது. அப்புறம் நிலவறைப் படி, மணிக்கட்டு, நீலக் கிண்ணம், சூப்பில் உப்பு. போன கோடையில் நீ எழுதிய இரண்டு கடிதத்திலிருந்தும் நாலு வரி.

முடித்து நிமிர்ந்தேன். பெர்த்தியே கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, "இதைத் தொட்டீன்னா உன் கைய உடைப்பேன்" என்றார். மிச்ச ஒன்பது பாட்டையும் இதே மாதிரி செய்தோம். எல்லாவற்றிலும் நீதான் இருக்கிறாய், அக்கா. ரெக்கார்டின் பெயர் என்ன தெரியுமா? "இங்கே எல்லோரும் நலம்."

முதலில் உன்னைக் கேட்டிருக்க வேண்டும், தெரியும். ஆனால் டேப் பாரிஸுக்குப் போய்விட்டது. நீ சந்தோஷப்படுவாய் என்று எனக்குத் தெரியும்.

ஒதீல் உன்னைப் பற்றி ஒன்று கேட்டாள். அதை நேரில் பேசுவோம்.

உன் கன்னத்தில் நாலு முத்தம்.
ஜில்தாஸ்


துவார்னனே, 6 மார்ச் 1980

தம்பி ஜில்தாஸ்,

நலம். உன் நலம் வேண்டுகிறேன்.

அந்த வரிகளை எடுத்துவிடு. நான் உனக்குத்தான் எழுதினேன், பாரிஸுக்கு எழுதவில்லை. மீனைப் பற்றிப் பாடு, எலுமிச்சைத் தோலைப் பாடு, அப்பாவின் கிரீடத்தைக்கூடப் பாடிக்கொள். ஃப்ரிட்ஜையும் படியையும் கிண்ணத்தையும் எடுத்துவிடு. அழிக்கலாம் என்று அந்த மனிதரே சொன்னாரே. ஏன் என்று கேட்காதே, செய்.

ஒதீல் என்ன கேட்டாள்?

போன் பண்ணாதே. எழுது. இந்த வாரமே எழுது.

மரிவோன்


துவார்னனே, 21 ஏப்ரல் 1980

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஈஸ்டரும் போய்விட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்ததும் தூரத்திலேயே கையை விரிக்கிறார். ஆறு வாரமாக அவருக்கும் எனக்கும் அதுதான் பேச்சு.

எல்லாவற்றையும் எடுக்க முடியாவிட்டால் ஃப்ரிட்ஜை மட்டுமாவது எடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

இங்கே எல்லோரும் நலம்.

உன் அக்கா


ரென், 30 மே 1980

அன்புள்ள அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இதை வெறும் மரியாதைக்குக் கேட்கவில்லை.

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. ஸ்டூடியோவில் அந்தப் பாட்டு முடிந்ததும் ஒதீல் கேட்டது இதுதான்: "அந்தப் பொம்பளைய யாரு அடிக்கிறா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் கடிதங்களைத் தனித்தனியாக வாசித்தபோது ஒரு கதவு, ஒரு படி, ஒரு கிண்ணம், அவ்வளவுதான். சேர்த்துப் பாடியபோதுதான் எனக்கே கேட்டது. எடுக்கச் சொல்லி நீ பதறியதும் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. அதனால்தான் எடுக்கவில்லை. நீ சொல்லாததை ரெக்கார்டு சொல்லட்டும்.

சொல்கிறது அக்கா! வெளிவந்து பத்து நாள். பாரிஸ் பத்திரிகை ஒன்று பக்கம் முழுக்க எழுதியிருக்கிறது. இருபது வருஷமாக நம் நாட்டு ராக் இசை லண்டன்காரனின் கோட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு திரிந்ததாம், இந்த ரெக்கார்டு சமையலறை ஏப்ரனோடு தெருவுக்கு வந்துவிட்டதாம். புது அலை இசை என்று ஆளாளுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தபோது, இங்கே ஒரு பெண் கடிதம் எழுதுகிறாள், அதுதான் புதிது என்கிறார்கள். ரேடியோவில் தினமும் போடுகிறார்கள். லீல் நகரத்திலிருந்து ஒரு பையன், "எங்கம்மா இப்படித்தான் எழுதுவாங்க" என்று ஒரே ஒரு வரி எழுதிப் போட்டிருக்கிறான்.

ரெக்கார்டு அட்டைக்குப் பின்னால் "அப்பாவுக்கு" என்று போட்டிருக்கிறேன். என்ன இருந்தாலும் முதல் கிடாரை வாங்கித் தந்தவர் அவர்தானே. ஒரு பிரதி அவர் பெயருக்கு அனுப்பியிருக்கிறேன்.

கொரந்தெனுக்கும் இன்றே எழுதிவிட்டேன். நீ பயப்படாதே. இனி நீ தனியாள் இல்லை.

உன் தம்பி
ஜில்தாஸ்


ரென், 30 மே 1980

கொரந்தென் அவர்களுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

என் அக்கா ஃப்ரிட்ஜில் மோதிக்கொள்வதும் படியில் விழுவதும் உங்கள் வீட்டில்தான். இனி ஒரு தடவை அவள் எதிலாவது மோதிக்கொண்டதாக எழுதினால் நான் நேரில் வருவேன். உங்களை நல்ல மனிதர் என்று நினைத்துத்தான் இத்தனை வருஷம் அத்தான் என்று கூப்பிட்டேன். இப்போது நாடு முழுக்க அவளுடைய குரல் கேட்கிறது. உங்கள் காதிலும் விழட்டும்.

ஜில்தாஸ்


துவார்னனே, 22 ஜூன் 1980

தம்பி ஜில்தாஸ்,

இங்கே யாரும் நலமில்லை. முதல் தடவையாக இப்படி எழுதுகிறேன். நீ நலமாகத்தான் இருப்பாய்.

நடந்ததைக் கேள். உன் ரெக்கார்டு ஊருக்கு வந்த வாரம் ஃபாக்டரியில் எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். திதீன் வெண்ணெய்க் கேக் செய்து எடுத்து வந்தாள். "அவன் கரைக்கு வரட்டும்டி, நாங்க பாத்துக்கறோம்" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் என்றால் யார் என்று எல்லோருக்கும் தெரியும் என்று எல்லோருமே நினைத்துக்கொண்டார்கள்.

பன்னிரண்டாம் தேதி கொரந்தென் கரைக்கு வந்தார். துறைமுகத்து பாரில் அவர் நுழைந்ததும் யாரோ ரெக்கார்டைப் போட்டிருக்கிறார்கள். ஒருவரும் அவர் பக்கத்தில் நிற்கவில்லை. மறுநாள் படகுக்காரர் கூப்பிட்டு, "இந்தத் தடவ நீ ஓய்வெடுத்துக்க கொரந்தென். உன்கூட ஒரே கேபின்ல படுக்க மாட்டேங்கறானுங்க" என்று சொல்லிவிட்டார். பதினெட்டு வருஷம் அந்தப் படகில் வேலை பார்த்த மனிதர். வீட்டுக்கு வந்தால் மேசைமேல் உன் கடிதம்.

வாசித்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். அப்பா பக்கத்தில் சூப் குடித்துக்கொண்டிருந்தார். "மரிவோன், நான் உன்ன எப்ப அடிச்சேன்? ஒரு நாள் சொல்லு. ஒரே ஒரு நாள்" என்றார். கத்தவில்லை. கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் போட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ரேடியோவில் உன் பாட்டு. அப்பா தலையை நிமிர்த்திக் கேட்டுவிட்டு, "யாரு பெத்த பொண்ணோ, வீட்டு விஷயத்த ஊருக்கெல்லாம் சொல்லுது. தட்டி வைக்க ஆளில்ல போல" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். என் வாய் அப்பாவின் வீட்டிலேயே வளர்ந்த வாய். கொரந்தென் பையை எடுத்துக்கொண்டு சேன் தீவுக்கு, அவர் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். ஒன்பது நாளாகிறது.

இப்போது என் கடிதங்களை எடு. வார்த்தையை எல்லாம் பாடினாயே, மேலே இருக்கிற தேதியை ஏன் விட்டுவிட்டாய்? கொரந்தென் அக்டோபர் இருபது போனார். ஃப்ரிட்ஜ் முப்பதாம் தேதி. ஜனவரி எட்டு போனார். படி பத்தாம் தேதி. அவர் கரையில் இருந்த நாளில் ஏதாவது ஒன்று என்மேல் விழுந்திருக்கிறதா, பார்.

உனக்கு மட்டும் தேதிகூடத் தேவையில்லை, ஜில்தாஸ். நம் வீட்டில் எப்போதும் எல்லாவற்றையும் கதவும் படியும்தானே செய்தன? அம்மா எத்தனை வருஷம் படியிலிருந்து விழுந்துகொண்டே இருந்தாள்! நீ ஒன்பது வயதில் அலமாரி முனையில் இடித்துக்கொண்டதாக டாக்டரிடம் சொன்னது நான்தான். உன் இடது புருவத்தில் முடி முளைக்காத அந்த இடத்தைத் தொட்டுப் பார். அந்தக் கையை உனக்குத் தெரியாதா? உனக்கே தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

ஊர் தப்பாக நினைத்ததை மன்னிப்பேன். உன்னை எப்படி மன்னிப்பது என்று தெரியவில்லை.

அப்பா அந்த ரெக்கார்டு அட்டையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பாருக்குப் போய் எல்லோருக்கும் காட்டுகிறார். "எம் பேருக்குப் போட்டிருக்கான் பாரு" என்கிறார். அந்த கிடாரை வாங்கியது நான். உனக்கும் அவருக்கும் ராசி உண்டாகட்டும் என்று அவர் கையால் கொடுக்க வைத்தேன்.

மரிவோன்


ரென், 27 ஜூன் 1980

அக்கா,

என்ன எழுதி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நலமா என்று கேட்கக் கூசுகிறது.

எனக்குத் தெரியும். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது. ஸ்டூடியோவில் மணிக்கட்டு வரியைப் பாடும்போது என் கை தானாகப் புருவத்துக்குப் போயிற்று. ஒதீல் அதைப் பார்த்தாள். யார் அடிக்கிறார்கள் என்று அவள் கேட்டபோது என் நாக்கு நுனியில் வந்தது அப்பாவின் பெயர்தான். அதை விழுங்கிவிட்டு, "அத்தானா இருக்கும்" என்றேன். அத்தான் என்றால் ஒரு ரெக்கார்டும் ஒரு காரமான கடிதமும் போதும். அப்பா என்றால் நான் வீட்டுக்கு வர வேண்டும். ஏழு வருஷமாக நான் வராமல் இருப்பதே அதற்காகத்தான். உன்னை அங்கே விட்டுவிட்டு ஓடிவந்தவன் நான். ஓடிவந்த இடத்தில் உன்னையே பாடிப் பெயர் வாங்கிக்கொண்டேன்.

கொரந்தெனுக்கு நேற்று எழுதினேன். தேதிகளை வரிசையாக எழுதி, யார் என்பதையும் எழுதி, என்னைத் திட்டச் சொல்லியிருக்கிறேன். படகுக்காரருக்கும் பாருக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறேன். கடிதத்தை நம்பாவிட்டால் நேரில் வந்து சொல்வேன். ரெக்கார்டை நிறுத்தச் சொல்லிக் கம்பெனியிடம் கேட்டேன். "பாட்டு இனிமே உன்னோடது இல்லப்பா" என்றான் அந்த ஆள். அடுத்த முறை அச்சடிக்கும்போது அட்டையில் "அப்பாவுக்கு" இருக்காது. அதை மட்டும் ஒப்புக்கொள்ள வைத்தேன்.

கோடை முழுக்கக் குழு ஊர் ஊராகப் போகிறது. ஒதீல் பாடுவாள். இது ஒரு பெண் பாட வேண்டிய பாட்டு என்று அவள் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். நீ பெட்டியைக் கட்டி வை. ஃபாக்டரியில் நானே வந்து பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை படகில் நீ சேன் தீவுக்குப் போகிறாய். முதியோர் இல்லத்தில் அப்பாவுக்கு இடம் உண்டா என்று போனில் கேட்டேன், அக்டோபர் கடைசியில்தான் ஒரு கட்டில் காலியாகுமாம். அதுவரை அப்பாவோடு நான் இருக்கிறேன். மாட்டேன் என்று எழுதாதே. எழுதினாலும் அது வந்து சேர்வதற்குள் நான் அங்கே இருப்பேன்.

ஜில்தாஸ்


துவார்னனே, 16 செப்டம்பர் 1980

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இங்கே எல்லோரும் நலம். தீவில் காற்று எப்படி? அத்தான் தன் அண்ணன் படகில் நண்டுக்கூடு போடப் போவதாக எழுதியிருந்தாய். அவர் எனக்கு நேராக ஒரு வரி எழுதாவிட்டாலும், உன் கடிதத்தின் ஓரத்தில் "வெங்காயத்துக்குத் தண்ணீர் ஊற்று" என்று அவர் கையெழுத்தைப் பார்த்தேன். அன்றைக்கு நான் தோட்டத்திலேயே ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தேன். ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறேன்.

திதீன் வந்தாள். படகுக்காரரும் வந்தார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. அத்தானின் இடம் அப்படியே இருக்கிறதாம், எப்போது வேண்டுமானாலும் வரலாமாம். வாசலோடு அனுப்பிவிட்டேன். அத்தான் முகத்தைப் பார்த்து அவரே சொல்லட்டும்.

ரெக்கார்டு கம்பெனி ஒரு மூட்டை கடிதம் அனுப்பியிருக்கிறது. எல்லாம் பெண்கள் எழுதியவை. லான்ஸ், லிமோஜ், பேர் கேள்விப்படாத ஊர்கள். பாதிக் கடிதம் "இங்கே எல்லோரும் நலம்" என்றுதான் ஆரம்பிக்கிறது. பாட்டு நன்றாக இருந்தது என்று எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு அலமாரி, ஒரு மாடிப்படி. பத்திரிகைக்காரர்கள் இந்த ரெக்கார்டைப் பற்றி எழுதியதையெல்லாம் எங்கேயோ தொலைத்துவிட்டேன். இந்த மூட்டையை மட்டும் தொலைக்க மாட்டேன். தினம் ஐந்து பேருக்குப் பதில் எழுதுகிறேன். தேதியைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அப்பா நலம். நேற்று சூப் கொஞ்சம் ஆறிப்போய்விட்டது. ஃப்ரிட்ஜ் கதவில் இன்னொரு ஒடுக்கு விழுந்திருக்கிறது, பழையதற்குக் கொஞ்சம் மேலே. நான்தான் மோதிக்கொண்டேன், நான் உன்னைவிட உயரம் இல்லையா. கதவு மூடுகிறது.

அக்டோபர் கடைசி வரை நீங்கள் வர வேண்டாம். குளிருக்கு முன் விறகு அடுக்கிவிடுவேன்.

அன்புடன்
ஜில்தாஸ்


சேன் தீவு, 18 செப்டம்பர் 1980

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் காலைப் படகில் வந்தது. உன் அத்தானுக்கும் வாசித்துக் காட்டினேன். விறகு வரை போகவிடவில்லை, பாதியிலேயே எழுந்து பூட்ஸைத் தேடப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமைப் படகில் இருவரும் வருகிறோம். அதுவரை சாப்பிடும்போது அவருக்கு இடது பக்கம் உட்கார். ஊன்றுகோல் வலது கையில் இருக்கும்.

பனிக்கட்டியைத் துணியில் சுற்றி வை. நேராக வைத்தால் தோல் வெந்துவிடும்.

உன் அக்கா
மரிவோன்